அலி பாய் காலண்டர்

அலி அக்பர் பாய் மௌத்தாகிவிட்டார் என்று சேதி வந்தபோது எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பொய் சொல்வானேன்? நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். விருதுநகரில் எங்கள் தெருவில் பால்காரர், தையல்காரர், பல் டாக்டர் என்று எல்லாரும் இந்தச் செல்லக்கனியிடம்தான் பாலிசி போட்டிருக்கிறார்கள். போடாமல் தப்பித்த ஒரே ஆள் எதிர்வீட்டு அலி பாய். நான் பாரத்தோடு படியேறினால், "மதினி வந்துட்டாக, டீ போடு மெகரு" என்று உள்ளே குரல் கொடுப்பார். டீ வரும், பிஸ்கட் வரும், கையெழுத்து மட்டும் வராது. "சீசன் முடியட்டும் மதினி" என்பார். சீசன் முடிந்து போனால், "அடுத்த சீசன் வரட்டும் மதினி" என்பார். பாரத்தின் மேலேயே டீ கிளாஸை வைத்து, வட்டம் வட்டமாகக் கறை பண்ணித் திருப்பிக் கொடுப்பார்.

சீசன் என்றால் காலண்டர் சீசன். ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் அடுத்த வருஷத்து ஆல்பம் வெளிவரும். முருகன், லட்சுமி, மாதா, மெக்கா, கூடைக்குள் உட்கார்ந்த பூனைக்குட்டி என்று எல்லாப் படமும் அதில் இருக்கும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். கார்த்திகையில் படத்துக்குக் கீழே கடை பேர் அச்சாகி அட்டைகள் வந்துவிடும். ஆமத்தூர், ஆலங்குளம், சாத்தூர், இருக்கன்குடி இதெல்லாம் அலி பாயின் லைன். அந்த நாலைந்து மாத ஓட்டத்தில்தான் வருஷம் முழுக்க அந்த வீட்டில் உலை கொதித்தது. என் பாலிசிதாரர்களுக்கு நான் கொடுக்கிற காலண்டரும் அவர் அடித்துக் கொடுத்ததுதான். அவர் எனக்குப் பாலிசி தரவில்லை என்பதற்காக நான் அவருக்கு ஆர்டர் தராமல் இருக்க முடியுமா? அந்த விலைக்கு வேறு எவன் கொடுப்பான்?

2006ஆம் வருஷம் ஆடி பிறந்த வாரம். சாத்தூர் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி. தூங்குகிறார் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியான பிறகுதான் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். அவர் பெண்டாட்டி மெகருன்னிசாவைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "பாவி மனுசன், ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன்.

மூன்று நாள் தெருவே அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது. நான் பருப்புச் சாதமும் அப்பளமும் கொண்டுபோனேன். நாலாம் நாள் அவர்களே அடுப்பு மூட்டினார்கள். மெகருன்னிசா வெள்ளைச் சேலை கட்டி உள்ளறையில் இத்தா உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. "சம்பாதிக்க ஆள் இல்லாத வீடு, அவசியம்னா பகல்ல போயிட்டு வரலாம்" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். இவள்தான் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அவுக இருக்கையில ஒரு நா நிம்மதியா உக்காந்து பேசினதில்ல செல்லக்கா. சீசன் சீசன்னு ஓட்டந்தான். இப்பவாவது உக்காந்து அவுகள நெனச்சுக்கிறேன்" என்றாள்.

பையிலிருந்த முருங்கைக்கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது மெகருன்னிசாவும் மகள் ஷிபானாவும்தான். ஷிபானா அப்போது பி.காம். இரண்டாவது வருஷம். அலி பாயின் வண்டியை விற்று அந்தத் தவணைக் காலேஜ் பீஸைக் கட்டினார்கள். கேபிளை வெட்டினார்கள். பாலைப் பாதியாக்கினார்கள். கறி எடுப்பது நின்றுபோய் வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்போடு முடிந்தது. அலி பாயின் செல்போனுக்கு மட்டும் தவறாமல் காசு போட்டார்கள். லைனில் இருக்கிற அத்தனை கடைக்காரனுக்கும் அந்த நம்பர்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலி பாயின் தம்பி சாபிர் சாத்தூரிலிருந்து வந்தார். அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். அண்ணன் பெண்டாட்டி என்றாலும் இத்தாவில் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதால், முன்னறை நாற்காலியில் அவர், உள்ளறைத் திரைக்குப் பின்னால் இவள். நான் நிலைப்படியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சி, தப்பா எடுத்துக்கிறாதீக" என்று ஆரம்பித்தார் சாபிர். "அண்ணன் லைன கேட்டு ஒரு ஏஜெண்டு வந்தான். மொத்தமா ஒரு தொகை தாரேங்கிறான். வாங்கிப் போட்டுருவோம். நீங்களும் புள்ளையும் சாத்தூருக்கு வந்துருங்க. மாடியில ஒரு ரூம்பு சும்மாத்தான கெடக்கு? எங்க வீட்டுல உலை வைக்கிறதுல ரெண்டு கை அரிசி கூடப் போட்டா முடிஞ்சது."

"காலேஜு?" திரைக்குள்ளிருந்து மெகருன்னிசா.

"அது... பாப்போம். நல்ல எடம் ரெண்டு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

"நீங்க சொன்னதே பெருசு தம்பி. ஆனா லைன கொடுக்க வேணாம். ஒரு சீசன் நாங்களே ஓட்டிப் பாக்கோம்."

"யாரு ஓட்டுவா? நீங்க உள்ள இருக்கீக. ஏஜெண்டு கடைக்குப் போகணும் மச்சி, கடைக்காரன் ஏஜெண்ட தேடி வரமாட்டான்."

"நான் போறேன் சின்னத்தா" என்றாள் ஷிபானா. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, கரண்டியும் கையுமாக. "சனி, ஞாயிறு, லீவு நாளு. அத்தாகூட சின்ன வயசுல போயிருக்கேன்."

"பொம்பளப்புள்ள தனியா பஸ்ஸுல போயி, கடை கடையா ஏறி... ஊரு என்ன சொல்லும்?"

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "தனியா எதுக்குப் போறா? நானுந்தான் அதே ஊருக்கெல்லாம் பிரீமியம் வாங்கப் போறேன். எஞ்சோட்டுப் பொம்பள ஸ்கூட்டியில சுத்தலாம், இவ பின்னால உக்காந்து வந்தா ஊரு வாயத் தொறந்துருமாக்கும்?" என்றேன்.

சாபிர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. ஒரு சீசன். லைனு சரிஞ்சு போச்சுன்னா பிடிவாதம் பண்ணாம சாத்தூருக்கு வந்துரணும்."

"வந்துருதோம்" என்றது திரை. ஒரு சீசன் விட்டுப்போனால் அத்தனை கடையும் வேறு ஏஜெண்டு கைக்குப் போய்விடும், அப்புறம் திரும்பாது என்பது நாலு பேருக்குமே தெரியும்.

ஆடிப் பதினெட்டன்று சிவகாசிக்குப் போனோம். அலி பாய் எப்போதும் கொடுக்கிற பிரஸ்ஸின் முதலாளி மணிகண்டராஜ், ஷிபானாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த புது ஆல்பத்தை, மேலிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தார். "அட்வான்ஸ் மெதுவாக் கொடு பாப்பா. அத்தா என்கிட்ட சொல்லு தவறினதில்ல" என்றார். மையும் வார்னிஷும் மணக்கிற அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தவள், விருதுநகர் வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். எதிர்க்காற்று என்று சொன்னாள். நானும் சரி என்றேன்.

முதல் இரண்டு வாரம் ஆர்டரே விழவில்லை. காரணம் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! பத்துக் கடைக்கு முன்னால் என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே முதலாளிகள் பின்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். "அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காக" என்கிறான் கல்லாவில் இருக்கிறவன். காலையில் ஒன்பது மணிக்கு என்னத்த சாப்பாடு? இருக்கன்குடியில் தேங்காய்க் கடை பொன்னுத்தங்கம், மூன்று பேருக்குப் பாலிசி போட்டவள், என்னைப் பார்த்ததும் கூடைக்குப் பின்னால் குனிந்தே விட்டாள். ஷிபானா என்னை மெல்ல வெளியே கூட்டி வந்தாள்.

"பெரியம்மா, கோவிச்சுக்க மாட்டீகளே?"

"என்னட்டி?"

"நீங்க அந்த வேப்பமரத்தடியில நில்லுங்களேன். நான் மட்டும் உள்ள போயிட்டு வாரேன்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. போய் நின்றேன். கால் மணி நேரத்தில் ஆர்டரோடு வந்தாள். மாரியம்மன் படம், போன வருஷம் மாதிரியே. அன்றிலிருந்து ஊருக்கு ஊர் எனக்கு ஒரு மரம். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்த புங்கமரம். சாத்தூரில் மரமே இல்லை, வெள்ளரிக்காய் விற்கிறவளோடு குடைக்குள் ஒண்டிக்கொண்டேன். அங்கேயும் ஒரு பாலிசி பேசி முடித்தேன், அது வேறு விஷயம்.

இதில் பெரிய ஆர்டர் ஆமத்தூர் ரைஸ்மில் ஊர்க்காவலன் அண்ணாச்சியுடையது. அவர் கொடுத்தால் அந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாம் கொடுக்கும். அவர் கைவிரித்தால் மற்றவர்களும் விரிப்பார்கள். அன்றைக்கு நானும் உள்ளே போனேன். தவிடு பறந்து மூக்கில் ஏறியது. அலி பாய் மகள் என்றதும் மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். மில்லை நிறுத்தச் சொன்னார், குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார், பாயைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஷிபானா ஆல்பத்தைப் பிரித்தாள். அவர் கையை வைத்து மூடினார்.

"வேணாம் தாயி. இந்த வருசம் வேணாம். அடுத்த வருசம் கட்டாயம் தாரேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"வருசப் பொறப்புக்கு லட்சுமிய நாலு வீட்டுக்குக் கொடுத்து விடுறோம். துட்டி வீட்டுல இருந்து வாங்கிக் கொடுக்கலாமா, சொல்லு? எங்கள்ல ஒரு எழவு விழுந்தா வருசம் திரும்புற வரைக்கும் பொங்கல்கூட வைக்க மாட்டோம். உன்னய வருத்தணும்னு சொல்லல. மனசு ஒப்பல."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். என் ஆர்டரையே நான் அவளிடம் இன்னும் கொடுத்திருக்கவில்லை, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஷிபானா கலரைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்கள்ல துட்டி மூணு நாளுதான். அதுக்கு மேல வைக்கக் கூடாது, அது மார்க்கம். அம்மாவுக்கு மட்டும்தான் நாலு மாசம் பத்து நாளு. மத்தவங்களுக்கு மூணாம் நாளோட முடிஞ்சுபோச்சு."

"மூணு நாளுக்கு மேல அழக்கூடாதா?"

"அழலாம் அண்ணாச்சி. கடைய அடைச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாது."

சொல்லும்போது அவள் கண் அவர் முகத்தை விட்டு விலகவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன்.

"நெசமாவா சொல்றே?"

"பள்ளிவாசல்ல வேணும்னா கேளுங்க. போனது எங்க அத்தா. அவுகளுக்கு எங்க கணக்குத்தான பாக்கணும்?"

ஊர்க்காவலன் அண்ணாச்சி தாடையைத் தடவினார். "பாயிக்குப் பாய்மாரு கணக்குதான். அது ஞாயம்தான்" என்று முனகினார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தால் ஆர்டர் கொடுக்க அவருக்கே ஒரு சாக்கு வேண்டியிருந்தது போலத்தான் தெரிந்தது. "போன வருசம் மாதிரியே. ரெண்டு பக்கமும் யானை நிக்கிற லட்சுமி. ஆனா ஒண்ணு. இங்கன பாரு."

சுவரைக் காட்டினார். நடப்பு வருஷத்துக் காலண்டர் இடது பக்கம் தூக்கி, வலது பக்கம் இறங்கித் தொங்கியது. யானைகளில் ஒன்று மலையேறியது, ஒன்று இறங்கியது.

"உங்க அத்தா காலண்டரு என்னைக்காவது நேராத் தொங்கியிருக்கா? அந்த ஓட்டைய நடுவுல போடத் தெரியல அந்த மனுசனுக்கு. தேதி பாக்க வருசம் பூரா கழுத்தச் சாச்சு சாச்சு எனக்கு ஒரு பக்கமா வலி வந்துருச்சு. சொன்னா, 'சாஞ்சு இருந்தாத்தான் அலி பாய் காலண்டர்னு தெரியும்'பான். இவ்வளவு பெரிய பேச்சு!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். "ஏட்டி, இந்த மூணு நாள் சமாச்சாரத்த எங்கிட்ட ஏன் முன்னமே சொல்லல?"

"நீங்க கேக்கலையே பெரியம்மா."

என் ஆர்டரை ரோட்டோரத்தில் வண்டி சீட்டின் மேல் வைத்தே எழுதிக் கொடுத்தேன். பூனைக்குட்டி படம். எல்லாச் சாதிக்காரருக்கும் கொடுக்கலாம், வம்பில்லை.

அந்த ஓட்டைச் சமாச்சாரத்தைக் கேட்டு மெகருன்னிசா, அவர் போன பிறகு முதல்முறையாக லேசாகப் பல் தெரியச் சிரித்தாள். அட்டையில் ஆணிக்கு ஓட்டை போட்டு வளையம் அடிக்கிற வேலையைக் கூலிக்கு விடாமல் அலி பாய் வீட்டிலேயே செய்வார். "தூக்கத்துல கண்ணு சொருகச் சொருக அடிப்பாக. நான் அடிக்கேன்னா விடமாட்டாக. பொம்பள கையில உளி ஏறிரும்பாக. இப்ப எனக்கு என்ன வேலை? நானே அடிக்கேன்" என்றாள். பழைய அட்டை ஒன்றை எடுத்து, நூலை அதன் அகலத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து நடுவில் புள்ளி வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் நோன்பு வந்தது, கூடவே மழையும் வந்தது. ஷிபானா நோன்போடு அலைந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைக்கு முன்னால் நான் மட்டும் டீ குடிப்பதா என்று நானும் ஒரு நாள் வீம்பாக இருந்தேன். ஆலங்குளத்தில் மத்தியானம் மூன்று மணிக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று இரண்டு உளுந்தவடை தின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால், "தொவையல் நல்லாருந்துச்சா பெரியம்மா?" என்கிறாள் கழுதை. சாயங்காலம் நனைந்து வீடு திரும்பினால் மெகருன்னிசா நோன்புக் கஞ்சி வைத்திருப்பாள். இஞ்சியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மணக்கிற கஞ்சி, தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல், பருப்பு வடை. அவர்களுக்கு ஒரு கிண்ணம் என்றால் எனக்கு இரண்டு. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. நான் அதிரசம் கொடுத்தேன், அவர்கள் சேமியா கொடுத்தார்கள். சாபிர் வந்து ஷிபானா பிடித்த ஆர்டரைப் பார்த்தார். லைனில் இரண்டு மூன்று கடைதான் கழன்றிருந்தது, புதிதாகச் சிலது சேர்ந்துமிருந்தது. "அண்ணன் புடிச்ச மாதிரியே புடிச்சிருக்காளே மச்சி!" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். நான் பெருமையில் வேப்பமரத்தைப் பற்றியெல்லாம் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்ததும் லோடு ஆட்டோவில் அட்டைகள் வந்து இறங்கின. முன்னறை, அடுப்படி, கட்டிலுக்கு அடி எல்லாம் லட்சுமியும் முருகனும்தான். மெகருன்னிசா ஓட்டை அடித்தாள், ஷிபானா தேதித் தாள் கட்டை வைத்துப் பின் அடித்தாள், நான் எண்ணிக் கட்டுப் போட்டேன். வேலை பாதியில் இருக்கும்போதுதான் என் பூனைக்குட்டி கட்டு கையில் வந்தது. என் பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். விழுந்திருந்தது. அதற்கும் கீழே, ஓரத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இன்னொரு வரி. 'ஆர்டருக்கு: அலி அக்பர், விருதுநகர்.' பக்கத்தில் செல் நம்பர்.

லட்சுமியை எடுத்தேன், அதிலும் அதே வரி. மாரியம்மனிலும் இருந்தது.

"ஏட்டி ஷிபானா, இது என்ன?"

பார்த்தவள் முகம் வெளுத்துப்போனது. எல்லாக் கடைக்காரரும் 'போன வருஷம் மாதிரியே' என்றுதான் சொல்வார்கள். அது இந்தத் தொழிலில் வழக்கம். இவளும் போன வருஷத்து அட்டைகளையே மாதிரிக்குப் பிரஸ்ஸில் கொடுத்து, இதே மாதிரி அடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர்களும் அட்சரம் பிசகாமல் அடித்துவிட்டார்கள். மேலே கடை பேர் சரியா என்று பார்த்தவள் ஓரத்து வரியைப் பார்க்கவேயில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வரி, கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"போச்சு பெரியம்மா. போச்சு" என்று அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். "துட்டி வீடுன்னே வாங்க மாட்டேன்னாரு. இப்ப மௌத்தானவுக பேரையே போட்டுக் கொடுத்தா யாரு வாங்குவா? திருப்பி அடிச்சா சீசன்ல கெடச்சது பூரா அதுக்கே போயிரும்."

"ஸ்டிக்கர் ஒட்டிருவோமா?" என்றேன். வெள்ளைத் தாளை வெட்டி ஒன்றில் ஒட்டிப் பார்த்தோம். லட்சுமி காலில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மெகருன்னிசா அந்தத் தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?" என்று கேட்டேன். அவள் பதறவில்லையே என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

"மொதக் கட்டுலயே பாத்தேன் செல்லக்கா. புள்ள ஆசையா, வேணும்னுதான் போட்டிருக்கான்னு நெனச்சேன். ஒவ்வொரு அட்டைக்கும் ஓட்டை அடிக்கையில ஒரு தடவ அந்தப் பேரப் பாத்துக்குவேன். நல்லாத்தான் இருந்துச்சு." மூன்று பேரும் அழுதோம். எனக்கு அழுகை வந்தால் சீக்கிரம் நிற்காது.

பிறகு அவளே சொன்னாள். "இந்த வாரத்தோட இத்தா முடியுது. மறைச்சுக் கொடுக்க வேணாம். பெரிய ஆர்டரு அந்த அண்ணாச்சிதான? நானே போயிச் சொல்றேன். அவுக வேணாம்னா திருப்பி அடிச்சுக் கொடுத்துட்டு, சாத்தூருக்குச் சாமானக் கட்டுவோம்."

இத்தா முடிந்து குளித்து, தொழுது, ஊதாப்பூப் போட்ட சேலையும் கறுப்புப் புர்காவுமாக மெகருன்னிசா தெருவில் இறங்கியபோது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். ஷிபானா வரவே மாட்டேன் என்றுவிட்டாள். ஸ்கூட்டியில் ஏற மெகருன்னிசாவுக்குப் பயம். ஒரு கட்டுக் காலண்டரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆமத்தூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் உதடு எதையோ ஓதிக்கொண்டே வந்தது. நான் இருக்கன்குடி மாரிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

ஊர்க்காவலன் அண்ணாச்சி புதுநெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். "வாங்க தாயி, வாங்க. நீங்க எதுக்கு அலையுறீக? சொல்லிவிட்டா ஆள் அனுப்ப மாட்டேனா?" என்றார்.

மெகருன்னிசா உட்காரவில்லை. "அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. மறைக்கக் கூடாதுன்னு நேருல வந்தேன். ஓரத்துல பழையபடி அவுக பேரே அச்சாகிருச்சு. புள்ள கவனிக்கல. உங்களுக்கு மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லுங்க, வேற அடிச்சுத் தாரோம். கொஞ்சம் நாளாகும். கொறை சொல்ல மாட்டோம்."

அண்ணாச்சி ஒரு அட்டையை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். அந்த வரியைப் படித்தார் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது. மனுஷன் நேரே சுவருக்குப் போனார். சாய்ந்து தொங்கிய பழைய காலண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். புதுசை அந்த ஆணியில் மாட்டினார்.

இரண்டடி பின்னால் வந்து, தேதி பார்க்கக் கழுத்தை வழக்கம்போல் வலது பக்கம் சாய்த்தார்.

காலண்டர் நேராக நின்றது. இரண்டு யானையும் சமமாக நின்றன.

சாய்த்த கழுத்தை அவர் நிமிர்த்த மறந்துவிட்டார். பிறகு கையை நீட்டி அட்டையின் வலது முனையை ஒரு விரலால் கீழே இழுத்துவிட்டார். அது ஒரு ஆட்டம் ஆடி மறுபடியும் நேராக வந்து நின்றுகொண்டது.

"யாரு தாயி ஓட்டை போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி."

"அந்த மனுசன் போயிட்டான்னு சேதி வந்தப்பக்கூட எனக்கு நம்பிக்கையில்ல. இப்பத்தான் தெரியுது" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெகருன்னிசா புர்கா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"லோடு நாளைக்கே அனுப்பிருங்க. இந்தப் பக்கத்துக் கடைக்காரன் எவனாவது மொனங்கினா எங்கிட்ட வரச் சொல்லுங்க. அடுத்த வருசத்துக்கும் இப்பவே சொல்லிட்டேன். பேரு அவன் பேராவே இருக்கட்டும். ஓட்டைய மட்டும் நீங்க போடுங்க."

கிளம்பும்போது பழைய காலண்டரை மெகருன்னிசா கேட்டு வாங்கிக்கொண்டாள். நவம்பர் கடைசித் தாள்களும் டிசம்பரும் மட்டும் மிச்சமிருந்த அட்டை. பஸ்ஸில் அதை மடியில் வைத்து அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மழை விட்டு, கரிசல் காடெல்லாம் மக்காச்சோளம் பச்சையாக நின்றது. கடலை விற்கிறவள் ஏறினாள். இரண்டு பொட்டலம் வாங்கினோம். ஷிபானாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கேட்ட சத்தம் அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. "போதும், போனை வச்சுட்டு மிச்சத்துக்குப் பின் அடி" என்றேன்.

எனக்கும் ஒரு தொழில் இருக்கிறது இல்லையா? கடலையை முடித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன். "மெகரு, இனி அந்த வீட்டுக்குச் சம்பாதிக்கிறவ நீதான். நான் வற்புறுத்தல. சும்மா சொல்றேன். மாசம் சிறுசாத்தான் வரும்..."

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டு, "சீசன் முடியட்டும் மதினி" என்றாள்.

அச்சு அசல் அலி பாய் குரல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"கொடுங்க செல்லக்கா. பையிலயேதான் வச்சிருப்பீகன்னு தெரியும். எங்க கையெழுத்துப் போடணும்?"

பாரத்தை எடுத்தேன். ஓரத்தில் பழைய டீ கிளாஸ் வட்டம் ஒன்று இருந்தது. எந்த வருஷத்துப் பாரமோ, பையின் அடியிலேயே கிடந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது ஆகாது, புதுசு கொண்டாரேன்" என்றேன். "பஸ்ஸும் குலுங்குது. வீட்டுல வச்சுப் போட்டுக்கலாம்."

"டீ நான் போடுறேன்" என்றாள் மெகருன்னிசா.